பட்டியல் வைத்து அடுக்கிய பை

விமான நிலையத்தில் மற்றவர்களின் பைகளைப் பார்ப்பது என் வேலை. மெல்பேர்னில் ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன். உங்கள் பை ஓடும் பட்டியில் ஏறி எக்ஸ்ரே எடுக்கும் அந்த இருட்டுப் பெட்டிக்குள் போகும்போது, மறுபக்கம் திரைக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து, அதைப் போக விடலாமா, திறந்து பார்க்க வேண்டுமா என்று சில விநாடிகளில் முடிவெடுக்கிறவள் நான். பல் துலக்கும் தூரிகையை மறந்துவிட்டு வந்தவர் யார், மூன்று போத்தல் ஊறுகாயைக் காற்சட்டைக்குள் சுருட்டி வைத்திருப்பவர் யார் என்பதெல்லாம் அவர்களின் வீட்டுக்காரருக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்த் தமிழ் ஆட்களின் பையை அடையாளம் காண முகம் பார்க்கத் தேவையில்லை. சண்டை நடந்த காலத்தில் வடக்கில் சோதனைச் சாவடிகளைக் கடந்து பழகியவர்கள், பிறகு எத்தனை நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும் பை அடுக்கும் விதத்தை மாற்றுவதில்லை. ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக, வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையில். கனமானது அடியில், துணி நடுவில், மருந்து மேலே. ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைக்கக்கூடிய மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதிய ஒரு தாள். மற்றவர்கள் பயணத்துக்கு அடுக்குகிறார்கள். நாங்கள் திறக்கப்போகிறவருக்காக அடுக்குகிறோம்.

என் கணவர் இதில் பட்டம் வாங்கியவர். சிட்னியில் வெஸ்ட்மீட்டில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்க இரண்டு நாள் போவதென்றாலும், முதல் நாளே டார்னெய்டில் இருக்கும் எங்கள் வீட்டில் கட்டிலின் மேல் எல்லாவற்றையும் பரப்பிவிட்டுத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். சேர்ட் மூன்று, சாரம் ஒன்று, துவாய் ஒன்று.

"உள்ளுடுப்பும் எழுதினீங்களோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓம். நாலு" என்றார், தலை நிமிராமல்.

சிரிப்பேன். ஆனால் அதற்கு மேல் கிண்டல் செய்ததில்லை. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் எங்கள் பக்கத்துச் சாவடிகளுக்கு வந்ததில்லை. மடியில் ஒன்றுமே இல்லாமல், வழி முழுக்கப் பயத்தோடு நடந்தவர்கள் நாங்கள்.

போன வருடம் ஒரு காலை, ஒரே முறைவேலையில், இரண்டு பைகள் என் திரைக்கு வந்தன. நான் இன்று திரையில் இல்லாமல் போனதற்கு அந்த இரண்டு பைகள்தான் காரணம்.

முதலாவது ஒரு பெரிய மனிதருடையது. பெரிய மனிதர் என்றால் உடம்பில். கம்பளிச் சட்டை, நல்ல சப்பாத்து, சிரித்த முகம். பையின் பக்கத்துப் பொக்கற்றில் சின்னதாக, நேராக, ஒரு பக்கம் கூராக ஒன்று தெரிந்தது. நான் பட்டியை நிறுத்தினேன். எங்கள் வேலையில் சில சொற்களைப் பயணிகளின் முன்னால் உரக்கச் சொல்லக் கூடாது. கையை உயர்த்தி மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கூப்பிட்டேன். பையைத் திறந்தார்கள். ஒரு தோட்டா. வெடிக்காத, முழுத் தோட்டா.

"அட, போன மாதம் வேட்டைக்குப் போனபோது இதே பைதான்" என்று அவர் சிரித்தார். பொலிஸ் வந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். விவரங்களை எழுதிக்கொண்டு, தோட்டாவை வாங்கிக்கொண்டு, இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் தன் விமானத்தைப் பிடித்தார். போகும்போது என்னைப் பார்த்து, நல்ல கண் உனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. மனிதர் மறப்பது இயல்பு.

இரண்டாவது பை ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது. திரையில் கண்டதுமே தெரிந்துவிட்டது, எங்கள் ஆள். கச்சிதமான அடுக்கு. அடியில் கறுப்பாக, கனமாக, இரண்டு கைப்பிடியோடு ஓர் உருளை. எனக்கு அது இடியப்பம் பிழியும் உரல் என்று தெரியும். ஆனால் கனமான உலோகம் என்றால் திறந்துதான் பார்க்க வேண்டும், அது விதி. திறக்கக் கொடுத்தேன்.

பைக்குச் சொந்தக்காரி எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. சிட்னியில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பத்தியச் சாப்பாடு கொடுக்கப் போகிறார். மகளுக்கென்று பித்தளை உரலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதை இரண்டு பழைய சேலைத் துண்டில் சுற்றி, அதற்கு மேல் மண்ணிற ஒட்டுநாடாவை வரிந்து வரிந்து ஒட்டியிருந்தார். அதற்கு மேலே பட்டியல். மகன் ஆங்கிலத்தில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்த பட்டியல்.

அந்தப் பட்டியல்தான் வினையாகப் போனது. எங்களோடு வேலை செய்யும் பையன் ஒருவன்தான் பையைத் திறந்தவன், தாளை எடுத்துப் பார்த்தான். தன் பையில் என்ன இருக்கிறது என்று யார் எழுதி வைத்துக்கொண்டு பயணம் செய்வார்கள்? இது யாருடைய கையெழுத்து என்று கேட்டான். அம்மா உண்மையைச் சொன்னார், மகனுடையது என்று. இந்தப் பையை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டான். அம்மா அதற்கும் உண்மையைச் சொன்னார், மகனும் நானும் என்று. அவ்வளவுதான். வேறொருவர் அடுக்கிய பை, வேறொருவர் கொடுத்த பட்டியல், உள்ளே வரிந்து ஒட்டிய உலோக உருளை. விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. ஊரில் ஓமந்தைச் சாவடியில் அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே தாள், மெல்பேர்னில் அவரைப் பிடித்துக் கொடுத்தது.

ஒட்டுநாடாவைக் கத்தியால் வெட்டி, வெடிமருந்து இருக்கிறதா என்று சோதனை செய்து, மேலதிகாரி வந்து, அவருக்கு மேலதிகாரி வந்து, நாற்பது நிமிடம் போனது. அந்த நாற்பது நிமிடமும் அம்மா இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கியபடி நின்றார். யாரும் தூக்கச் சொல்லவில்லை. நான் திரையை மாற்றிக்கொடுத்துவிட்டு ஓடிப்போனேன்.

"அம்மா, கையை இறக்குங்கோ. ஒருத்தரும் தூக்கச் சொல்லேல்ல."

"பரவாயில்லை பிள்ளை. எனக்குப் பழக்கம்" என்றார்.

அவருடைய விமானம் போய்விட்டது. மாலை விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தோம். அன்று முறை முடிந்து, பையைத் திறந்த பையன் எழுதிய அறிக்கையை வாசித்தபோதுதான் பார்த்தேன். தோட்டா வந்த பையின் எதிரே, பயணி சொன்னபடி, 'வேட்டை விளையாட்டுப் பொருள்' என்று எழுதியிருந்தது. இடியப்ப உரலின் எதிரே, 'சந்தேகத்துக்குரிய ஆயுதம் போன்ற பொருள்' என்று இருந்தது. எழுதியவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு ஒரு சொல்லைப் பயணி கொடுத்தார், மற்றதைப் பயம் கொடுத்தது. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த இரண்டு வரிகளையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த நாட்களில்தான் எங்கும் துவக்குச் சட்டம் பற்றிய பேச்சு. துவக்கு என்றால் தமிழ்நாட்டுக்காரர் துப்பாக்கி என்பதுதான். சட்டத்தை இறுக்க வேண்டும் என்று ஒரு பக்கம், இருக்கிறதே போதும் என்று மறுபக்கம். வானொலியைத் திறந்தால் அது, வேலையிடத்துத் தேநீர் அறையில் அது. விமான நிலையங்களிலும் பொது இடங்களிலும் சோதனையை எப்படி மாற்றலாம் என்றும் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். எங்கள் மேற்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் அதற்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் மூன்று நிமிடம்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அங்கிள், நகரின் மறுபக்கத்துக் கிளென் வேவர்லியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர், தங்கமான மனிதர், புதிதாக வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர். சங்கத்தில் விமான நிலையச் சோதனை வேலையில் இருப்பது நீர் ஒருத்திதானே, நீர்தான் பேச வேண்டும் என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு. இரண்டு இரவு உட்கார்ந்து எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அது சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. கூடவே அங்கிளும் வந்தார்.

"பிள்ளை, கட்டுரை நல்லாயிருக்கு. ஆனா அந்தச் சொல்லு மட்டும் வேண்டாம்."

"எந்தச் சொல்லு அங்கிள்?"

"அதுதான், உமக்குத் தெரியுந்தானே."

"துவக்கோ?"

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். டார்னெய்டில், எங்கள் சொந்த வீட்டில், பகல் பதினொரு மணிக்கு, யன்னலைப் பார்த்தார்.

"துவக்குச் சட்டத்தைப் பற்றின கூட்டத்தில துவக்கு எண்டு சொல்லாம எப்பிடி அங்கிள் கதைக்கிறது?"

"பொதுப் பாதுகாப்பு எண்டு சொல்லும். நாங்கள் துவக்கைக் கண்டனாங்கள் எண்டு சொன்னா, இந்த நாட்டுக்காரர் என்ன நினைப்பினம்? கண்டதுக்கும் வைச்சிருந்ததுக்கும் இவைக்கு வித்தியாசம் தெரியாது. தவளை தன் வாயால கெடும் பிள்ளை. எங்கட சனம் கெட்டது போதும்."

அந்த அம்மாவின் கதையை வெட்டியிருந்தார். பன்னிரண்டு வயதில் நான் சாவடியில் நின்ற கதையை வெட்டியிருந்தார். மிச்சமிருந்தது என்னவென்றால், நாங்கள் அமைதியை விரும்பும் சமூகம், இந்த நாட்டுக்கு நன்றி உடையவர்கள், பொதுப் பாதுகாப்பை மேம்படுத்தும் எல்லா முயற்சிகளையும் வரவேற்கிறோம். கலியாண வீட்டு வரவேற்புரைக்கு நல்லாயிருக்கும்.

என் கணவர் அங்கிளின் பக்கம்தான். அவருடைய காரணம் வேறு. என் சட்டையில் குத்தியிருக்கும் பாதுகாப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. பின்னணி விசாரித்துத்தான் புதுப்பிப்பார்கள். அந்த அட்டை இல்லையென்றால் எனக்கு அந்த வேலை இல்லை. அவர் கிடங்கில் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட் சம்பளத்தில் மட்டும் எங்கள் வீடு ஓடாது.

"இஞ்சரும், உள்ளதை வைச்சுக்கொண்டு இருப்பம். நீர் ஒருத்தி சொல்லி என்ன மாறப்போகுது?"

எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்குவதேயில்லை. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது, அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. செய்தியில் வந்தால் சத்தத்தைக் குறைப்பார். அவருடைய அண்ணன் பத்தொன்பது வயதில் வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர், திரும்பி வரவில்லை. அதைச் சொல்லும்போதும் 'அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவை' என்று மட்டும்தான் சொல்வார். நான் மேலே கேட்டதில்லை.

ஆகவே கூட்டத்துக்கு அங்கிள் வெட்டிய தாளோடுதான் போனேன். நன்றாகத் தோய்த்து மடித்த சேலை, கையில் நன்றியுரை. பேசிவிட்டு வருவதென்றுதான் நினைத்திருந்தேன். அது சத்தியம்.

மண்டபத்தில் முதலில் பேசியவர் சுடும் கழகம் ஒன்றைச் சேர்ந்தவர். பண்பாகத்தான் பேசினார். அறிக்கைகளில் 'ஆயுதம்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, அது தங்களைப் புண்படுத்துகிறது, 'விளையாட்டுக் கருவி' என்று எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சிலர் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. துவக்கை அலுமாரியில் பூட்டி வைத்திருப்பவருக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. துவக்குக்கு முன்னால் நின்றவர்களுக்கும் அந்தச் சொல் வேண்டாமாம். அப்படியானால் அதை யார்தான் சொல்வது?

அடுத்து எழுந்தவர் அவ்வளவு பண்பானவர் இல்லை. சண்டை நடந்த நாடுகளிலிருந்து வந்தவர்களை விமான நிலையத் திரைகளுக்கு முன்னால் உட்கார வைக்கக் கூடாது என்றார். அவர்களுக்கு யாரோடு என்ன தொடர்போ நமக்கு எப்படித் தெரியும் என்றார். தான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றும் சொன்னார். என் பக்கத்தில் இருந்த அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அறுபதாண்டு படித்து, உழைத்து, வரி கட்டி, ஊருக்கெல்லாம் உதவி செய்த மனிதர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் தலையைக் குனிகிறார்.

என்னைக் கூப்பிட்டார்கள். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுப் போனேன்.

நான் ஒன்பது வருடமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், நீங்கள் சொன்ன அந்தச் சண்டை நாட்டுக்காரி என்று தொடங்கினேன். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, என் அம்மாவின் பையைச் செம்மண்ணில் கவிழ்த்துக் கொட்டிய ஒருவரின் தோளில் துவக்கு தொங்கியது, அதன் வாய் என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவேயில்லை, நான் வேறெதையும் கவனிக்கவில்லை என்றேன். ஆகவே ஒரு துவக்கை அடையாளம் காண எனக்குப் பெரிய பயிற்சி தேவைப்படவில்லை. நீங்கள் அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். உங்கள் அலுமாரி, உங்கள் விருப்பம். ஆனால் அதன் முன்னால் நின்றவளுக்கு அதன் சொந்தப் பெயரைச் சொல்ல உரிமை உண்டு.

பிறகு, யாரென்று சொல்லாமல், எந்த நாளென்று சொல்லாமல், இரண்டு பைகளின் கதையையும் சொன்னேன். தோட்டா விளையாட்டுப் பொருளானதையும், இடியப்ப உரல் ஆயுதமானதையும். சட்டத்தை இறுக்குவதாக இருந்தால் முதலில் சொற்களை இறுக்குங்கள் என்றேன். எங்களைத் திரையிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் எழுப்புங்கள், நட்டம் எங்களுக்கில்லை என்றேன். மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. நான் இன்னும் இரண்டு வசனம் பேசிவிட்டுத்தான் இறங்கினேன்.

கொஞ்சப் பேர் கைதட்டினார்கள். கொஞ்சப் பேர் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். தேநீர் குடிக்கப் போன அங்கிள் திரும்பி என் பக்கத்துக் கதிரைக்கு வரவில்லை.

அடுத்த கிழமை என் மேற்பார்வையாளர் அறைக்குள் கூப்பிட்டார். நேர்மையான பெண். அவர் மகளுக்குக் காய்ச்சல் என்றால் நான் அவருடைய முறையைச் செய்வேன், எனக்கு ஒன்றென்றால் அவர் செய்வார். மேசையில் ஒரு கோப்பு. அதற்குள் என் அட்டையைப் புதுப்பிக்கும் விண்ணப்பமும், அதற்கு மேல் ஒரு கடிதமும் இருந்தன. வேலையிடத்து விடயங்களை வெளியே பேசியது தவறு என்றார். அது சரி, ஒத்துக்கொள்கிறேன் என்றேன். கடிதத்தில் அது மட்டும் இல்லை. பொது இடத்தில் பொருத்தமற்ற, அச்சமூட்டும் சொற்களைப் பயன்படுத்தியதற்கு வருந்துகிறேன் என்றும் இருந்தது.

"எந்தச் சொல்?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றார். போடும்வரை திரையில் உட்கார முடியாது, தட்டுகளைப் பார்த்துக்கொள் என்றார்.

தட்டு என்றால், உங்கள் கைப்பையையும் இடுப்புப் பட்டியையும் வைக்கிற அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தட்டு. வெறுமையானவற்றை ஓடும் பட்டியின் முடிவில் அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, தொடக்கத்துக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். எட்டு மணித்தியாலம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை. முதல் நாள் முடிவில் தோள்மூட்டு கழன்றுவிட்டது போல் இருந்தது. என்னிடம் வேலை பழகியவர்கள் என் கதிரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு தட்டு தள்ளினேன்.

செய்தி பரவிவிட்டது. சங்கத்து அன்ரி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எங்கட பிள்ளைகளின்ர எதிர்காலத்தையும் யோசிச்சிருக்க வேணும் என்றார். செயலாளர் அங்கிளும் அழைத்தார். "ஒரு கையெழுத்துத்தானே பிள்ளை. போட்டிட்டுப் பேசாம இரும்." அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது. கவலையோடு சொல்லும் ஆட்களோடு சண்டை பிடிக்க முடியாது.

நான் ஏன் போடவில்லை? பிடிவாதம் என்று சொன்னார்கள். இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது குறைவில்லாமல் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். வெளியே பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத் தயார். நான் கண்டதை அதன் பெயரால் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், செம்மண்ணில் என் அம்மாவின் உடுப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், நீ கண்டது விளையாட்டுக் கருவி என்று நானே சொன்ன மாதிரி ஆகும்.

ஒரு மாலை கடிதத்தைக் குசினி மேசையில் வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, அதை எடுத்து வாசித்தார். எனக்குத் தெரியும், கையெழுத்துப் போடச் சொல்லப்போகிறார். பதில் தயாராக வைத்திருந்தேன். அது நல்ல பதில் இல்லை.

"எந்தச் சொல்லாம் பிழை?" என்று கேட்டார்.

"சொல்லேல்ல."

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கடிதத்தைத் திரும்பவும் வாசித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"அண்ணையைக் கொண்டு போன அடுத்த நாள் அம்மா பொலிசுக்கு எழுதிக் குடுத்தவ. நான்தான் எழுதினனான், எனக்குத்தான் வடிவான கையெழுத்து. அம்மா சொல்லச் சொல்ல எழுதினனான். துவக்கோட வந்தவை எண்டு அம்மா சொன்னவ. பக்கத்து வீட்டு மாமா பயந்து, அதை எழுதாதை, பிரச்சினை வரும் எண்டார். நான் விட்டிட்டன்."

அரிசி பொங்கியது. நான் அடுப்பைக் குறைத்தேன்.

"நாலு பேர் வந்து மகனைக் கூட்டிச் சென்றனர். அதுதான் அந்தக் கடிதத்தில கிடக்கு. பிறகு எத்தினை விசாரணைக்குக் கொண்டு போனம். எல்லாரும் அதைத்தான் வாசிச்சவை. ஏதோ கலியாணத்துக்குச் சொல்ல வந்த ஆக்களோட அவர் விரும்பிப் போன மாதிரி. விரும்பித்தானே போனவர் எண்டு ஒரு அதிகாரி அம்மாட்டக் கேட்டவன். என்ர கையெழுத்தைக் காட்டித்தான் கேட்டவன்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவர் பயந்தவர் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

"இதில கையெழுத்துப் போடாதையும்" என்றார். "நீர் வேற கடிதம் எழுதும். துவக்கு எண்டே எழுதும்."

அன்றிரவே எழுதினேன். வேலையிடத்து விடயத்தை வெளியே பேசியது என் தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நான் துவக்கு என்று சொன்னது துவக்கைத்தான், தோட்டா என்று சொன்னது தோட்டாவைத்தான், அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாலே வரி. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்பார்வையாளர் நின்றபடியே வாசித்தார். இது மேலே போகும், அட்டை விண்ணப்பத்தோடு சேர்ந்து போகும் என்றார். போகட்டும் என்றேன். அவர் அதைக் கோப்புக்குள் வைத்தார்.

இரண்டு மாதமாகிறது. அட்டை வரவில்லை. பழைய அட்டை காலாவதியாக இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. நான் தட்டு தள்ளிக்கொண்டிருக்கிறேன். வேறு வேலைக்கும் இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கணவர் அக்காவைப் பார்க்கப் போனார். வியாழன் மாலை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் ஒன்றும் பரப்பியிருக்கவில்லை. பையைத் திறந்து வைத்துக்கொண்டு சேர்ட்டைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தார். சாரம், துவாய், சவர்க்காரம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. பிளாஸ்டிக் பை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் நடுவே எங்கள் வீட்டு இடியப்ப உரலைச் செருகினார்.

"பட்டியல் எங்கை?" என்று கேட்டேன்.

"கேட்டாச் சொல்லுவன். வாய் கிடக்குத்தானே."

வெள்ளிக்கிழமை காலை அவர் என் வரிசைக்குத்தான் வந்தார். நான் ஒரு வெறும் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், யாரோ ஒரு பயணிக்கு வைப்பது போல. உரல் தெரிந்ததும் பையை எடுத்து வைத்தார்கள். திறந்த பையன் உள்ளே கையை விட்டு, சுருண்டு கிடந்த சாரத்தை இழுக்க, அதோடு நாலு உள்ளுடுப்பும் வெளியே வந்து மேசையில் விழுந்தன.

இந்தப் பையை நீங்களே அடுக்கினீர்களா என்று அவன் கேட்டான்.

என் கணவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார். கை இரண்டும் கீழே இருந்தன.

"ஓம்" என்று முதலில் தமிழில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, நானேதான் அடுக்கினேன் என்றார்.